பின்பக்கம் நின்று எண்ணிய பத்து லைன்கள்

நடந்தவற்றை முதலில் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

1. ஒரு செவ்வாய்க்கிழமை காலை, எங்கள் தொழிற்சாலையிலிருந்து துறைமுகத்துக்குச் சரக்குப் பெட்டிகளை ஏற்றிப்போன லாரி டோல்கேட் அருகே அச்சு முறிந்து நின்றது.

2. லாரி வந்து சேரவில்லை என்று துறைமுகத்திலிருந்து தகவல் வந்தது. எங்கள் ஏற்றுமதிப் பிரிவு, டோல்கேட்டில் இருக்கும் லாரி ஆபீசைக் கூப்பிட வெளி லைன் கேட்டது. பத்தேகாலுக்கும் பத்தேமுக்காலுக்கும் இடையில் நான்கு முறை கேட்டது. டெலிபோன் ஆபரேட்டர் நான்கு முறையும் "லைன் இல்லை" என்றார்.

3. ஐந்தாம் முறை லைன் கிடைத்து, மாற்று லாரி போய்ச் சேர்வதற்குள் கப்பலில் சரக்கறையை மூடிவிட்டார்கள். பெட்டிகள் துறைமுகத்திலேயே நின்றுவிட்டன.

4. வெளி லைன்கள் போதுமா என்று கணக்கெடுத்துச் சொல்லும்படி டெலிபோன் பராமரிப்பு செக்‌ஷனில் இருந்த என்னிடம் சொன்னார்கள்.

5. ஐந்து நாள் கணக்கெடுத்தேன். போதும் என்று எழுதினேன்.

6. அந்த அறிக்கையைக் காட்டி, அன்று டியூட்டியில் இருந்த ஆபரேட்டர் ஸ்டெல்லாவுக்கு மெமோ கொடுத்தார்கள். அவருடைய வேலை அப்போது இன்னும் நிரந்தரமாகவில்லை.

7. என் அறிக்கையில் கூட்டல், வகுத்தல், அட்டவணை பார்த்தது எதிலும் பிழை இல்லை. ஆனால் அறிக்கை தவறு.

இது நடந்து மூன்று வருடம் ஆகிறது. எங்கள் செக்‌ஷனில் இந்த வருடம் இரண்டு பேர் புதிதாகச் சேர்ந்திருக்கிறார்கள். லைன் கணக்கெடுப்பது எப்படி என்று கேட்டார்கள். சூத்திரம் புத்தகத்தில் இருக்கிறது. புத்தகத்தில் இல்லாததை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

முதல் கணக்கு

தொழிற்சாலை திருவொற்றியூரில், நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கிறது. உள்ளே இருநூறு டெலிபோன்கள். வெளியே பேச வேண்டுமென்றால் ஆபரேட்டரைக் கூப்பிட்டு லைன் கேட்க வேண்டும். வெளியே போகும் லைன்கள் பத்து. வெளியிலிருந்து வரும் அழைப்புகளுக்குத் தனி லைன்கள் உண்டு; அவற்றில் புகார் இல்லை.

ஆபரேட்டர்கள் எல்லோரும் பெண்கள். அவர்கள் உட்காரும் அறைக்குள் டியூட்டி நேரத்தில் ஆண்கள் போகக் கூடாது என்பது பழைய விதி. அதனால் அவர்கள் லைன்களை இணைக்கும் போர்டின் முதுகுப்பக்கம் பிளைவுட் சுவரைத் தாண்டி எங்கள் ரிலே அறைக்குள் வருமாறு அமைத்திருந்தார்கள். பராமரிப்பு வேலை எல்லாம் பின்பக்கமிருந்தே நடக்கும்.

நான் பெண். அந்த விதி என்னைக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் வேலைக்குச் சேர்ந்த ஏழு மாதத்தில் அந்த அறைக்குள் ஒரு முறைகூடப் போனதில்லை. காரணம் இருந்தது. முதல் நாள் கேட்டில் வாட்ச்மேன் என் ஆர்டரைப் பார்க்காமலே, "போன் பொண்ணா? அந்தாண்ட ரூமு, போம்மா" என்றார். அடுத்த ஒரு மாதத்தில் இன்னும் நான்கு பேர் அப்படியே சொன்னார்கள். டிப்ளமா படித்து, செக்‌ஷனின் முதல் பெண்ணாக வந்திருந்த எனக்கு அது பிடிக்கவில்லை. ஆபரேட்டர் அறைப் பக்கம் போவதைத் தவிர்த்தேன்.

கணக்கெடுத்த முறை இது. காலை பத்து முதல் பதினொன்று வரைதான் எங்களுக்கு நெரிசலான மணி. அந்த ஒரு மணி நேரத்தில் மூன்று நிமிடத்துக்கு ஒரு முறை பின்பக்கம் நின்று, எத்தனை வெளி லைன்களின் ரிலே இழுத்திருக்கிறது, அதாவது எத்தனை லைன்கள் பேச்சில் இருக்கின்றன என்று எண்ணுவேன். ஒரு நாளைக்கு இருபது முறை. ஐந்து நாளில் நூறு முறை. சராசரி 5.8 வந்தது. ஒரு லைன் ஒரு மணி நேரம் முழுக்கப் பேச்சில் இருந்தால் அது ஒரு எர்லாங். எங்கள் சுமை 5.8 எர்லாங்.

அட்டவணையில் பத்து லைனுக்கும் 5.8 எர்லாங்குக்கும் நேரே பார்த்தால், லைன் கிடைக்காமல் திரும்பும் அழைப்புகள் நூற்றுக்கு நான்கு. எங்கள் செக்‌ஷன் ஏற்றுக்கொண்ட எல்லை நூற்றுக்கு ஐந்து. எனவே போதும்.

அத்துடன் நிறுத்தியிருக்கலாம். கூடுதலாக ஒரு வாக்கியம் எழுதினேன். நூற்றுக்கு நான்கு என்றால், நான்கு முறை தொடர்ந்து கிடைக்காமல் போவதற்கு நான்கை நான்கு தடவை பெருக்கிப் பார்த்தேன். லட்சத்தில் ஒன்றுகூட இல்லை. ஆகவே, "ஒரே பிரிவுக்கு நான்கு முறை தொடர்ந்து லைன் கிடைக்காமல் போனதை நெரிசலால் விளக்க முடியாது" என்று எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

மெமோ

பத்து நாள் கழித்து ரிலே அறைக் கதவை யாரோ தட்டினார்கள். ஒரு பெண், என் வயதுதான் இருக்கும். கையில் மடித்த காகிதம்.

"விஜயா நீங்க தானா?"

"ஆமா."

"நா ஸ்டெல்லா. செவுத்துக்கு இந்தாண்ட நீங்க, அந்தாண்ட நானு. ஏழு மாசமா மூஞ்சியப் பாத்ததில்ல. மெமோல தான் உங்க பேரப் பாத்தேன்."

காகிதத்தை நீட்டினார். என் வாக்கியம் அப்படியே அதில் இருந்தது. அதன்கீழே, "எனவே தங்களின் கவனக்குறைவே காரணம் எனத் தெரிகிறது, வேலையை நிரந்தரமாக்குவது பற்றி முடிவெடுக்கும்போது இது கருத்தில் கொள்ளப்படும்" என்று நிர்வாக அதிகாரி வரதராஜன் எழுதியிருந்தார்.

"நெரிசலால விளக்க முடியாதுன்னு எயுதிகிறீங்க. அப்ப இன்னாத்தால விளக்குறதாம்? நா குந்திகினே தூங்கிட்டேனா?"

"உங்களைப் பத்தி நான் ஒண்ணும் எழுதலை. லைனைப் பத்தித்தான் எழுதினேன்."

"லைனு பேசாது மிஸ். நா தான் பேசுவேன். அதான் மெமோ எனக்கு வந்துகீது."

"பத்து லைன் இருக்கு. சராசரி ஆறுகூட பிஸி இல்ல. நான் எண்ணினேன்."

"எத்தினி லைனு?"

"பத்து."

ஸ்டெல்லா சிரித்துவிட்டார். "வாங்க. வந்து எங்காண்ட குந்தி, அந்தப் பத்து எங்க கீதுன்னு எனக்குக் காட்டுங்க."

முன்பக்கம்

மறுநாள் காலை பத்து மணிக்கு ஒரு நோட்டுப் புத்தகத்துடன் ஸ்டெல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். போர்டை முன்பக்கமிருந்து பார்ப்பது அதுதான் முதல் முறை.

ஒன்பதாவது, பத்தாவது லைன்களின் துளைகளைச் சுற்றிச் சிவப்பு நூல் கட்டியிருந்தது.

"இது என்ன?"

"பெரியவர் லைனு." பெரியவர் என்றால் மேனேஜர். "அவரு கேட்டா அந்த செகண்டே குடுக்கணும். வேற யாருக்கும் குடுக்கக் கூடாது."

"யார் உத்தரவு?"

"யாருக்குத் தெரியும்? நா வந்தப்பவே கட்டிதான் இருந்துச்சு. தொட்டா வேல காலின்னு சீனியரக்கா சொன்னாங்க."

"எழுத்துல இருக்கா?"

"எயுத்து எதுக்கு மிஸ்? அதான் நூலு கட்டி கீதே."

என் நூறு கவனிப்புகளிலும் ஒன்பதும் பத்தும் ஏறக்குறைய எப்போதும் சும்மாவே இருந்தன. அது எனக்குத் தெரியும். வரிசையில் கடைசியாக இருக்கும் லைன்களுக்குச் சுமை குறைவாகத்தான் வரும் என்று படித்திருந்தேன். அதனால் அது சந்தேகத்தைக் கிளப்பவில்லை. படித்ததே என்னைத் தடுத்தது.

"சரி, எட்டு" என்றேன்.

"எட்டா? ஒண்ணும் ரெண்டும் ஏழுமலை அண்ணன் சொத்து. பத்து மணிக்கு வாங்குவாரு. பதினொண்ணு வரைக்கும் வுட மாட்டாரு."

ஏழுமலை டெஸ்பாட்ச் கிளார்க். போர்டில் ஒன்றிலும் இரண்டிலும் அவருடைய டெலிபோன்களின் கம்பிகள் செருகியிருந்தன. அந்த மணி முழுக்க அவை எடுக்கப்படவில்லை. ஆக, மற்ற நூற்றுத் தொண்ணூற்றெட்டு டெலிபோன்களுக்கும் மிச்சம் ஆறு லைன்.

அந்த ஒரு மணி நேரத்தில் லைன் கேட்டவர்களுக்கு ஒரு கோடும், திருப்பி அனுப்பப்பட்டவர்களுக்கு ஒரு புள்ளியும் போட்டேன். ஸ்டெல்லா காதில் ஹெட்போனுடன், "நம்பர் ப்ளீஸ்... சாரி சார், ஆல் லைன்ஸ் என்கேஜ்ட்" என்று கான்வென்ட் குரலில் சொல்வார். போர்டில் பேச்சுச் சாவியை மூடியதும், "பர்ச்சேஸ் ஆளு. இது மூணாவது தபா. பேஜாரு புடிச்சவன்" என்பார். அடுத்த விளக்கு எரிந்ததும் மறுபடி கான்வென்ட். இராயபுரத்தில் மாதா கோயில் பள்ளிக்கூடத்தில் படித்தவர். அப்பா துறைமுகத்தில் வின்ச் ஓட்டுகிறார்.

"அவன் பாருங்க, லைன் இல்லன்னு சொல்லி ரெண்டு நிமிசம் ஆவல. திரும்ப அவனே. இப்ப மட்டும் எங்கேர்ந்து மொளைக்கும் லைனு?"

கோடுகள் நூற்றுப் பத்தொன்பது. புள்ளிகள் இருபத்தாறு.

டம்ளர்கள்

பதினொன்றுக்குக் கொஞ்சம் முன்னால் டெஸ்பாட்ச் பிரிவுக்குப் போனேன். ஏழுமலையின் மேஜையில் இரண்டு டெலிபோன்கள். இரண்டின் ரிசீவர்களும் எடுத்து வைத்திருந்தன. காதில் வைக்கும் பக்கம் தனித்தனி எவர்சில்வர் டம்ளருக்குள் கவிழ்ந்திருந்தது. ஏழுமலை தள்ளி உட்கார்ந்து ரசீது எழுதிக்கொண்டிருந்தார்.

ஒரு டம்ளர் திடீரென்று கத்தியது. "ஏழுமலேய்! மூணாம் வண்டி வந்துட்ச்சிப்பா!"

ஏழுமலை எழுந்து போய், "ரைட்டு நைனா" என்று சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

டம்ளர் நன்றாக வேலை செய்தது. குரல் அறை முழுக்கக் கேட்டது. அதை நான் மறுக்கவில்லை.

"அண்ணே, இந்த ரெண்டு லைனும் எங்கே போகுது?"

"ஒண்ணு டோல்கேட்டு லாரி ஆபீசு. இன்னொண்ணு ஆர்பர் கேட்டாண்ட நம்ம கொட்டாயி. அந்தாண்டயும் இதே மாரி டம்ளரு தான்."

"பேசி முடிச்சதும் வெச்சுடலாமே?"

"வெச்சா திரும்பக் கெடைக்குமா? நீயே சொல்லு தங்கச்சி. எர்ணாவூர்ல ரயில் கேட்டு போட்டான்னா வண்டி அர அவுரு நிக்கும். எப்ப வந்துச்சி, எப்ப போச்சின்னு எனக்குத் தெரியணும். லைன வுட்டேன்னா அந்தப் பொண்ணு இல்லம்பா. அதான் புடிச்சி வெச்சிகினு கீறேன்."

லைன் கிடைக்காததால் இவர் விடுவதில்லை. இவர் விடாததால் லைன் கிடைப்பதில்லை. இது எந்த அட்டவணையிலும் இல்லை.

"அந்தச் செவ்வாய்க்கிழமையும் டோல்கேட் லைன் இப்படித்தான் இருந்ததா?"

"தெனமும் தான்."

"ஏற்றுமதிப் பிரிவு அன்னிக்கு அரை மணி நேரம் கேட்டது அதே லாரி ஆபீசைத்தான்."

ஏழுமலை ரசீதிலிருந்து நிமிர்ந்தார். "அவுங்க மேல் மாடி. கீய எறங்கி வந்து எங்காண்ட யாரும் கேக்கலியே. கேட்டிருந்தா டம்ளருலயே கத்திச் சொல்லியிருப்பேன்ல?"

இரண்டாவது கணக்கு

அன்று மாலை அட்டவணைக்குக் கீழே சின்ன எழுத்தில் இருக்கும் நிபந்தனைகளை மறுபடி படித்தேன். என் முதல் அறிக்கையில் அவற்றுக்கு நேரே டிக் போட்டிருந்தேன்.

காலியாக இருக்கும் எந்த லைனையும் எந்த அழைப்புக்கும் கொடுக்கலாம் என்பது ஒரு நிபந்தனை. இங்கே இரண்டு லைன்களைக் கொடுக்க முடியாது. இரண்டு லைன்கள் தினமும் ஒரே ஆளுக்குப் போகின்றன. அவை அழைப்புகளே அல்ல, கிட்டத்தட்டத் தனிக் கம்பி. லைன் கிடைக்காதவர் போய்விடுவார், திரும்பி வரமாட்டார் என்பது இன்னொரு நிபந்தனை. இங்கே இரண்டு நிமிடத்தில் வருகிறார்கள். லைன்கள் நிறைந்திருக்கும்போது திரும்பி வருகிறவருக்கு மறுபடியும் நிறைந்திருக்கத்தான் வாய்ப்பு அதிகம். நான் நான்கு முறையையும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை என்று வைத்துப் பெருக்கியிருந்தேன். அந்தப் பெருக்கலுக்கு அர்த்தமே இல்லை.

மூன்றாவதாக ஒன்று. பின்பக்கத்து ரிலே, லைன் கிடைத்த அழைப்பை மட்டுமே அறியும். திருப்பி அனுப்பப்பட்டவரை அறியாது. நான் எண்ணியது லைன்கள் சுமந்ததை. லைன்களிடம் வந்ததை அல்ல.

5.8இல் ஏழுமலையின் இரண்டைக் கழித்தால் 3.8. ஆறு லைன்கள் 3.8 எர்லாங்கைச் சுமக்கின்றன என்றால் அவற்றிடம் வந்தது சுமார் 4.5. திரும்பிப் போவது நூற்றுக்குப் பதினைந்து. என் கோடுகளும் புள்ளிகளும் சொன்னது நூற்றுக்கு இருபத்திரண்டு. இடைவெளி பெரும்பாலும் திரும்பத் திரும்பக் கேட்டவர்கள்.

இதை ஒரு பக்கத்தில் எழுதி, முதல் அறிக்கையைத் திரும்பப் பெறுவதாகவும் எழுதி, வரதராஜன் சாரிடம் கொண்டுபோனேன். அவர் இரண்டு முறை படித்தார்.

"ஏம்மா, நீங்க எழுதினதைத்தானே நான் மெமோவில போட்டேன்?"

"ஆமா சார். அது தப்பு."

"யாரோட தப்பு?"

"என்னோடது சார். அதையும் கடைசியில எழுதியிருக்கேன்."

"மேனேஜர் லைனை அடைச்சு வெச்சிருக்கார்னு எழுதியிருக்கீங்க. தெரிஞ்சுதான் எழுதினீங்களா?"

"ரெண்டு லைன் அவருக்காக ஒதுக்கியிருக்குன்னுதான் எழுதியிருக்கேன்."

"இதுக்கும் அதுக்கும் அவர் வித்தியாசம் பார்ப்பாரா?"

"மெமோவை வாபஸ் வாங்கணும் சார்."

அவர் இழுப்பறையைத் திறந்து இன்னொரு காகிதத்தை எடுத்து வைத்தார். ஸ்டெல்லாவின் கையெழுத்து. 'நடந்ததற்கு வருந்துகிறேன். இனிமேல் கவனமாக இருப்பேன்.' தேதி, ஸ்டெல்லா என்னிடம் வந்ததற்கு முந்தின நாள்.

"பண்ணாத தப்புக்கு யாராவது மன்னிப்புக் கேப்பாங்களா?" என்றார் வரதராஜன்.

அதையே போய் ஸ்டெல்லாவிடம் கேட்டேன்.

"சீனியரக்கா சொன்னாங்க. சாரின்னு எயுதிக் குடுத்தா ஃபைல மூடிடுவாங்கன்னு. நூலப் பத்தி எயுதுனா பெரியவர இய்த்த மாரி ஆயிடும். ஏழுமலை அண்ணனப் பத்தி எயுதுனா டெஸ்பாட்ச்ல அத்தினி பேரும் மூஞ்சியத் தூக்கிகினு இருப்பாங்க. எனக்கு வேல வோணும் மிஸ். நா வேற இன்னா எயுதுறது?"

மேனேஜர் அறை

என் காகிதம் ஒரு வாரம் கழித்து மேனேஜரிடம் போனது. கூப்பிட்டார். வரதராஜனும் நானும் போனோம். அவர் கோபமாக இல்லை. குழம்பியிருந்தார்.

"எனக்கு எதுக்குய்யா ரெண்டு லைன்? எனக்கு ஒரு வாய்தானே?"

"சார், ஒரு தடவை உங்களுக்கு லைன் கிடைக்க லேட்டாகி, நீங்க கொஞ்சம் சத்தம் போட்டீங்க..."

"நானா? எப்போ?"

வரதராஜனுக்கு வருடம் நினைவில்லை. தனக்கு முன்னால் இருந்த நிர்வாக அதிகாரி காலத்தில் நடந்ததாகக் கேள்வி என்றார். அந்தக் காலத்தில் மேனேஜரே வேறொருவர் என்பது பேச்சின் நடுவில் தெரியவந்தது.

"நூலை அறுத்துடுங்க" என்றார் மேனேஜர்.

"சார், ஆபரேட்டருக்குக் குடுத்த மெமோ" என்றேன்.

"அது நிர்வாக விஷயம். வரதராஜன் பார்த்துப்பார்."

வரதராஜன் தலையாட்டினார். நானும் அதை நம்பி வெளியே வந்தேன். அங்கேயே நின்று, எப்போது பார்ப்பார் என்று கேட்டிருக்க வேண்டும்.

அன்று மதியமே நூலை அறுத்தார்கள். மற்றவர்களுக்கு எட்டு லைன் ஆனதும் திரும்பும் அழைப்புகள் நூற்றுக்கு ஐந்துக்கு இறங்கின. லைன் கிடைக்கிறது என்று ஏழுமலைக்கு நம்பிக்கை வர இரண்டு மாதம் பிடித்தது. பிறகு கொட்டாய் லைனை விட்டார்.

மெமோவை யாரும் வாபஸ் வாங்கவில்லை. மன்னிப்புக் கடிதம் இருப்பதால் வாபஸ் வாங்க வழியில்லை என்று குறிப்பு எழுதி, என் இரண்டாவது அறிக்கையையும் அதே ஃபைலில் சேர்த்து வைத்தார்கள். ஸ்டெல்லாவின் வேலையை நிரந்தரமாக்குவதை ஆறு மாதம் தள்ளிப்போட்டார்கள்.

நான் மன்னிப்புக் கேட்கப் போனேன். ஸ்டெல்லா போர்டிலிருந்து திரும்பவில்லை.

"சாரியெல்லாம் வோணாம் மிஸ். நா ஒரு சாரி எயுதுனதே போதும்." ஒரு லைனைக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "அட்த்த தபா எண்றதுக்கு முன்னால இந்தாண்ட வந்து குந்துங்க."

புதியவர்களுக்கு

அட்டவணையைத் திறப்பதற்கு முன் போர்டின் முன்னால் ஒரு முழு மணி நேரம் உட்காருங்கள். கிடைத்தவர்களை மட்டுமல்ல, கிடைக்காமல் போனவர்களையும் எண்ணுங்கள். லைன்களைச் சேர்த்துக் கூட்டாமல், ஒவ்வொன்றையும் தனியாக எழுதுங்கள். நிபந்தனைக்கு நேரே டிக் போடுமுன், அதை எந்த இடத்தில் நின்று பார்த்தீர்கள் என்று எழுதுங்கள். லைன்களைப் பற்றி எழுதும் வாக்கியம் எப்போதும் ஒரு ஆளைப் பற்றியதாகவும் இருக்கிறது. அந்த ஆள் யார் என்று தெரிந்துகொண்டு எழுதுங்கள்.

இன்றைய நிலவரம். வெளி லைன்கள் பத்தும் பொதுவில் இருக்கின்றன. காலை நெரிசலில் டோல்கேட் லைன் ஒன்றை மட்டும் ஏழுமலை இன்னும் பிடித்துவைத்திருக்கிறார். மற்ற ஒன்பதில் திரும்பும் அழைப்புகள் நூற்றுக்கு இரண்டு, மூன்று. ஸ்டெல்லாவின் வேலை நிரந்தரமாகிவிட்டது. ஆனால் அவரோடு அதே வாரத்தில் சேர்ந்த பெண், பணிமூப்புப் பட்டியலில் அவருக்கு ஆறு மாதம் முன்னால் இருக்கிறார். சென்ற வருடம் காலியான சீனியர் ஆபரேட்டர் பதவி பட்டியல்படி அந்தப் பெண்ணுக்குப் போனது. அந்த ஆறு மாதத்தைச் சரிசெய்யக் கேட்டு ஸ்டெல்லா இரண்டு முறை மனு கொடுத்தார். முதல் மனு தள்ளுபடி. இரண்டாவது மனுவுடன் என் இரண்டு அறிக்கைகளின் நகல்களையும், முதல் அறிக்கை தவறு என்று நான் எழுதிய கடிதத்தையும் இணைத்திருக்கிறோம். பதில் இன்னும் வரவில்லை.